இல்லத்து விற்பனைக் கூட்டம்: தொழிலும் கணக்கும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விக் கழகத்தின் மேடையில் விற்பனையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். படிப்பு வேறு, பிழைப்பு வேறு என்று நாம் கருதவில்லை. கணக்குத் தெரியாதவன் உழைப்பைப் பிறர் கணக்கில் எழுதிக்கொள்வார்கள் என்பதை நம் முன்னோர் களத்துமேட்டிலேயே கண்டார்கள். அதனால்தான் அவர்கள் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

இன்று நம் வீட்டுப் பெண்களையும், படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களையும் ஒரு தொழில் அழைக்கிறது. கடை வேண்டாம், முதலீடு வேண்டாம், நான்கு பேரை ஒரு வீட்டில் கூட்டிப் பொருளைக் காட்டி விற்றால் போதும் என்கிறார்கள். இந்த அழைப்பில் மெய்யும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

தொழில் பிறந்த கதை

இல்லத்து விற்பனைக் கூட்டம் அமெரிக்க நாட்டில் வளர்ந்த முறை. துடைப்பம், தூரிகை, துப்புரவுப் பொருள்கள் விற்ற ஸ்டான்லி என்னும் நிறுவனம் 1930களில் இம்முறையைப் பரப்பியது. ஒரு வீட்டுக்காரப் பெண்மணி தம் தோழியரை அழைப்பார். விற்பனையாளர் பொருளைப் பயன்படுத்திக் காட்டுவார். விற்பனைக்கு ஏற்ப அழைத்த பெண்மணிக்கு ஒரு பரிசு கிடைக்கும்.

அந்த நிறுவனத்தின் பொருள்களை விற்றுவந்தவர்களுள் ஒருவர் பிரவுனி வைஸ். கணவரைப் பிரிந்து, ஒரு மகனைத் தனியாக வளர்த்த பெண்மணி. அப்போது டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுடைய பிளாஸ்டிக் கிண்ணங்களைச் செய்து கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பொருள் நல்ல பொருள்; ஆயினும் கடையில் விலைபோகவில்லை. அந்த மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவது என்று வாங்குவோருக்குத் தெரியவில்லை. பிரவுனி வைஸ் அதை வீடுகளில் செய்து காட்டினார், கிண்ணங்கள் விற்றன. 1951 இல் டப்பர் தம் பொருள்களைக் கடைகளிலிருந்து மீட்டுக்கொண்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டுமே விற்பதென முடிவு செய்து, பிரவுனி வைஸைத் துணைத் தலைவராக்கினார். 1954 இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஆனால் 1958 இன் தொடக்கத்தில் அவர் அந்த நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. இறுதியில் அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை 160 இலட்சம் டாலருக்கு விற்றார். திறமை ஒருவரிடமும் உரிமை வேறொருவரிடமும் இருந்தால் முடிவு எப்படி அமையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒரு சலவைப் பெண்ணின் சாதனை

இதற்கு அரை நூற்றாண்டு முன்பே வேறொரு பெண்மணி இவ்வழியில் நடந்தார். அவர் வரலாற்றை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். மேடம் சி. ஜே. வாக்கர் எனப் பெயர் பெற்ற சாரா பிரீட்லவ், 1867 இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். 14 வயதில் மணம். 20 வயதில் கைம்மை. பல ஆண்டுகள் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தார்.

கறுப்பினப் பெண்களின் தலைமுடிக்கும் தோலுக்கும் ஏற்ற பொருள்களை அன்றைய பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தவில்லை. அனி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணி அத்தகைய பொருள்களைச் செய்து விற்றார். சாரா முதலில் அவரிடம் விற்பனை முகவராக இருந்து தொழில் கற்றார். பின்னர்த் தாமே பொருள் செய்து விற்கத் தொடங்கினார். வீடு வீடாகவும், தேவாலயங்களிலும், சங்கங்களிலும் கூட்டம் கூட்டிச் செய்து காட்டினார். 1910 இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்கூடம் அமைத்தார். வெள்ளையர் வீட்டுச் சமையலும் சலவையும் தவிர வேறு வேலை கிடைக்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய முகவர்களாயினர்.

1917 இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமன்றி, தம் சமூகத்திற்கு அதிகம் கொடை கொடுத்தவர்களுக்கும் அங்கே பரிசளித்தார். கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அம்மாநாடு குடியரசுத் தலைவருக்குத் தந்தி அனுப்பியது. கிண்ணம் விற்றாலும் களிம்பு விற்றாலும், விற்கக் கற்ற பெண்கள் பேசவும் கற்றார்கள் என்பதே அதன் பொருள்.

ஒரு கூட்டத்தின் கணக்கு

இனித் தொழிலின் உள்ளே செல்வோம். இதில் வெற்றி பெறுவது எப்படி என்று கேட்பவருக்கு நாம் சொல்லும் முதல் விடை: நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 15 பேரை அழைத்தோம். 10 பேர் வந்தார்கள். 6 பேர் வாங்கினார்கள். ஒருவர் 600 ரூபாய்க்கு வாங்கினார் என்றால் மொத்த விற்பனை 3,600 ரூபாய். நம் பங்கு ஐந்தில் ஒன்று எனக் கொண்டால் 720 ரூபாய். இதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அழைத்த வீட்டாருக்குப் பரிசு 150, தேநீரும் பலகாரமும் 100, பேருந்துக் கட்டணம் 60, தொலைபேசியும் மாதிரிப் பொருளின் தேய்மானமும் 50. ஆகச் செலவு 360. மிஞ்சுவது 360 ரூபாய். அழைத்தது, போய்வந்தது, பேசியது, பிறகு பொருளைக் கொண்டு சேர்த்தது எல்லாம் 6 மணி நேரம். ஆகவே மணிக்கு 60 ரூபாய்.

அதே கூட்டத்தில் ஒவ்வொருவரும் 1,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் நம் பங்கு 1,200, செலவு அதே 360, மிச்சம் 840. மணிக்கு 140 ரூபாய். நன்றாகச் செய்து காட்டுவதற்கும் ஏனோதானோ என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மாறாக, அறுவரில் ஒருவர் கடனுக்கு வாங்கி அந்த 600 ரூபாயைத் தராமற் போனால் என்னாகும்? முதற் கணக்கின்படி அன்றைய 360 ரூபாயும் போய், நம் கையிலிருந்து இன்னும் 240 ரூபாய் போகும். உறவினராயினும் கடன் இல்லை என்பதை முகம் கோணாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் வந்த பிறகே பொருளுக்கு எழுத வேண்டும். விற்குமுன் சரக்கை வாங்கி வீட்டில் அடுக்குவதும் கூடாது.

கூட்டம் நடத்தும் முறை

அழைக்கும் பெண்மணிதான் கூட்டத்தின் அச்சாணி. யாரை அழைக்கலாம், எத்தனை மணிக்கு என்பதை அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். அழைத்தவர் எல்லாரும் வரமாட்டார்கள். ஆகவே தேவைக்கு மேல் அழைக்க வேண்டும். முதல் நாள் மாலை மீண்டும் ஒருமுறை நினைவூட்ட வேண்டும்.

கூட்டத்தில் நெடும்பேச்சு வேண்டாம். பொருளை அவரவர் கையில் கொடுங்கள். மூடியை அவர்களே மூடித் திறக்கட்டும். கடையில் இதே போன்ற பொருள் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதை மறைக்காதீர்கள். நம்முடையதில் என்ன கூடுதல் என்று சொல்லுங்கள். இல்லாத குணத்தைச் சொல்லி விற்ற பொருள் திரும்பி வரும்; அதோடு வாங்கியவரின் நம்பிக்கை திரும்பி வராது.

இத்தொழிலின் உயிர்நாடி அடுத்த கூட்டம். ஒரு வீட்டில் கூடியவர்களுள் இருவரேனும் தம் வீட்டில் கூட்டம் வைக்க இசைந்தால் தொழில் தொடரும். ஒருவரும் இசையாவிட்டால் அன்றோடு நிற்கும். பலர் தோற்பது இங்கேதான். அக்காள், தங்கை, அத்தை, சித்தி என்று உறவு வட்டத்துக்குள் மூன்று மாதம் விற்பார்கள். வட்டம் தீர்ந்ததும் தொழிலும் தீர்ந்துவிடும். உடன் படித்தவர், உடன் வேலை செய்பவர், பிள்ளைகளின் பள்ளியில் சந்திக்கும் தாய்மார் என்று வட்டம் விரிய வேண்டும்.

வாசலில் நிற்கும் சாதி

இவ்விடத்தில் பிறருக்கு இல்லாத ஒரு தடை நமக்கு உண்டு. இத்தொழில் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து செய்யும் தொழில். யார் வீட்டுக்குள் யார் வரலாம், யார் கையால் யார் தேநீர் அருந்தலாம் என்று வகுத்து வைத்த நாட்டில் நாம் இதைச் செய்கிறோம். அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் உயர்கல்வி பயின்று, 1917 இல் பரோடாவை விட்டுப் பம்பாய்க்குத் திரும்பிய பின், முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். வாடிக்கையாளர்கள் போனாலும் அவருடைய அறிவு போகவில்லை என்பதை வரலாறு காட்டியது.

ஆகவே நம் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது: பெயரையும் ஊரையும் மறைத்து விற்காதீர்கள். மறைத்துச் செய்யும் தொழிலில் வருமானத்தோடு அச்சமும் வரும். வாங்க மறுப்பவர் வாசலில் நின்று மன்றாடவும் வேண்டாம். விற்பவருக்கு உள்ள பெரிய உரிமை அடுத்த வீட்டுக்குப் போகும் உரிமை. அதே வேளையில், நம் பெண்கள் தலைநிமிர்ந்து தம் பொருளை விளக்கும் ஒவ்வொரு கூடமும், நேற்றுவரை மூடியிருந்த ஒரு கதவு திறந்ததற்குச் சான்றாகும்.

வலைகளும் சட்டமும்

இப்போது பொய்யான அழைப்பைப் பார்ப்போம். பொருளைப் பற்றிப் பேசாமல் ஆள் சேர்ப்பதைப் பற்றியே ஒருவர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும். அந்த ஐவரும் ஐந்தைந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்றால், பத்தாவது படியில் வேண்டிய ஆட்கள் 97 இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கு எங்கே போவது? மேற்படியில் நிற்பவர் பெறும் பணம் கீழ்ப்படியில் நிற்பவர் இழந்த பணமே. கீழ்ப்படியில் நிற்பவர் பெரும்பாலும் தாலியை அடகு வைத்த ஏழைப் பெண்.

இத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களை 1978 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்ப்புச் சங்கிலியைத் தடுக்கின்றன. விற்பனையாளர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். முன் இசைவின்றி வாடிக்கையாளர் வீட்டுக்குச் செல்லக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக்கொண்டு தாய்மார் படிக்கச் செய்யுங்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பி வாழ்வதும் தகாது. 1996 இல் இந்தியாவுக்கு வந்த டப்பர்வேர் நிறுவனம், 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. இத்தொழிலுக்கே பெயரளித்த நிறுவனத்தின் நிலை அதுவென்றால் பிறவற்றைச் சொல்ல வேண்டுவதில்லை.

நாம் செய்ய வேண்டுவது

1989 இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. திண்ணையில் கூடிச் சேமிக்கக் கற்ற பெண்கள், அதே திண்ணையில் விற்கவும் கற்கலாம். முதலில் பிறர் பொருளை விற்றுப் பழகுங்கள், அது பள்ளிக்கூடம். வாங்குவோர் எதை விரும்புகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வருவாயில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் சேருங்கள். பின்னர்க் குழுவாகக் கூடிச் சோப்போ, மசாலாப் பொடியோ, சிறுதானிய மாவோ உங்கள் பெயரிலேயே செய்து, நீங்கள் பழகிய அதே வீடுகளில் விற்றுப் பாருங்கள். பிரவுனி வைஸுக்கு வாய்க்காததும் மேடம் வாக்கருக்கு வாய்த்ததும் அந்த உரிமையே.

நம் கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். மாலைப் பாடசாலையில் வாரம் ஒரு நாள் வரவு செலவுக் கணக்கு எழுதக் கற்பிக்க வேண்டும். யாரேனும் ஒப்பந்தத் தாளோடு வந்தால் அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு குழு அமைய வேண்டும். பொன் விழா மலரில், தம் சொந்தப் பொருளை விற்கும் நம் பெண்களின் பெயர்ப் பட்டியல் இடம்பெற வேண்டும் என்பதே நம் வேட்கை.