கர்ணன் வேடம்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டி விடிய விடியக் கூத்து நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். அக்கூத்துகளுள் 'கர்ண மோட்சம்' என்பதற்கு மட்டும் வேறோர் இடமும் உண்டு. வடமாவட்டங்களில் ஒருவர் மறைந்தால், கருமாதி இரவில் அதனை ஆடச் செய்வது வழக்கம். ஆதலின் கர்ணனாக வேடம் புனைபவர் வேடிக்கை பார்க்க வந்தவர்முன் மட்டுமன்றி, மெய்யாகவே அழுதுகொண்டிருப்போர் முன்னும் நிற்க வேண்டியவராகிறார். இவ்வேடத்தின் கடுமை இங்கேதான் தொடங்குகிறது.

கதை தெரிந்ததே. தேரோட்டி வளர்த்த மகன் என்று தன்னைத் தாழ்வாக எண்ணிய பொன்னுருவியிடம் விடைபெற்று, சல்லியன் தேர்செலுத்தக் களம் புகுகிறான் கர்ணன். தேர்க்கால் மண்ணில் அழுந்துகிறது. அவன் செய்த தருமம் அவன் உயிரைக் காத்து நிற்க, கண்ணன் அந்தணனாக வந்து அத்தருமப் பயனையே இரந்து பெறுகிறான். வியாசர் பாரதத்தில் இல்லாத இவ்விரப்பை வில்லிபுத்தூரார் பாடியுள்ளார். கூத்துப் பனுவலோ புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகிறது.

வந்தவன் யார் என்பதைக் கர்ணன் அறிவானா? நடிகர்கள் பிரிவது இவ்விடத்தில்தான். நான் கண்ட முதியவர் ஒருவர், அந்தணனை ஏற இறங்கப் பார்த்துச் சற்றே சிரித்துவிட்டுக் கொடுப்பார். அறிந்தே கொடுக்கிறான் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின்வந்த இளைஞரோ ஒன்றும் அறியாத பேதையாக, இறக்கும் வேளையிலும் ஓர் ஏழைக்கு உதவ வாய்த்ததே என்று மகிழ்ந்து கொடுத்தார். ஊரார் பின்னவரைக் கண்டு மிகுதியாக அழுதனர். ஆயினும் என் மனம் முன்னவரையே நாடுகிறது. இழப்பது இன்னதென்று தெரிந்தவன் கொடுக்கும் கொடைக்குத்தானே எடை உண்டு?

1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் வேறு வழி கண்டார். தேர்க்காலில் சாய்ந்து, உடலெங்கும் அம்பு தைத்த நிலையில், கண்ணாலும் உதட்டாலும் அவர் காட்டும் நுட்பங்களைக் கருவி அருகிருந்து பதிவு செய்தது. கூத்தருக்கு அவ்வசதி இல்லை. மரத்தால் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து, கடைசி வரிசைக் கிழவிக்கும் எட்டுமாறு குரலாலும் அடவாலும் இறக்க வேண்டும். இதை உணராமல், பள்ளி ஆண்டுவிழாக்களில் என் மாணவர் பலர் சிவாஜியின் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு மேடையைக் குலுக்கியதுண்டு! 2012இல் அப்படம் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் திரைக்கு வந்தபோது, அந்நடை அடுத்த தலைமுறைக்கும் தொற்றியது.

அப்படத்தில் கண்ணனாக வந்த என். டி. ராமராவ், 1977இல் தெலுங்கில் 'தான வீர சூர கர்ணா' எடுத்து, கர்ணன், துரியோதனன், கண்ணன் ஆகிய மூவராகவும் தாமே நடித்தார். கேரளத்தில் மாலி எழுதிய 'கர்ண சபதம்' கதகளியில் கலாமண்டலம் கோபியின் கர்ணன் புகழ்பெற்றது. அங்கே களச்சாவு இல்லை. குந்தியைச் சந்திப்பதும், நண்பனைக் கைவிடேன் என்று சூளுரைப்பதுமே பொருள். பேசாத முகம் ஒன்றில் தாய்ப்பாசமும் செஞ்சோற்றுக் கடனும் மாறி மாறித் தோன்றுகின்றன.

மீண்டும் நம் கூத்துக்கு வருவோம். கருமாதி வீட்டில் இறந்தவர் இளைஞராயின், பொன்னுருவியிடம் விடைபெறும் பகுதியைச் சுருக்கிவிடுவதாக ஒரு வேடக்காரர் என்னிடம் கூறினார். கைம்பெண்ணாகிய சிறுமகள் எதிரே அமர்ந்திருக்க, அதை எப்படி நீட்டுவது என்றார். அதே குழுவின் மற்றொருவர் இதற்கு உடன்படவில்லை. அவள் வாய்விட்டு அழுவதற்கென்றே அன்று கூத்து வைத்திருக்கிறார்கள், ஒரு பாட்டைக்கூடக் குறைக்கமாட்டேன் என்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறி அவ்வேடம் கட்டியவர்கள். எவர் கட்டுகிறார் என்பதை அறிந்தே, அந்த வட்டாரத்தில் துக்க வீட்டார் தாம்பூலம் வைத்தனர்.