21 குறைபாடுகளின் பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

(விழுப்புரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆய்வுக்காகத் திண்டிவனம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குப் போய்வருகிறேன். அங்கே ஓர் அக்கா, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்: “ஒடம்பு வலிக்குக் கொஞ்சம் குடிப்பன். இவன் வயித்துல இருக்கசொல்லயும் குடிச்சன். அதனாலதான் இப்பிடி இருக்கானா?” பையனுக்குப் பன்னிரண்டு வயது. சொன்னது மனதில் நிற்காது, கணக்கு வராது, கோபம் வந்தால் அடங்காது. நான் மருத்துவர் இல்லை, பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரிந்தவரிடம் அவனை யாரும் அனுப்பவும் இல்லை.

கர்ப்பத்தில் குடிக்கும் மது கருவின் மூளையைப் பாதிக்கலாம். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று விரிந்த பொருளில் எஃப்.ஏ.எஸ்.டி. என்கிறார்கள். பலருக்கு முகத்தில் அடையாளமே இருக்காது, ஐ.க்யூ.வும் சராசரியாக இருக்கும். ‘மக்கு’, ‘அடங்காதவன்’ என்ற பெயர்தான் மிஞ்சும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை அடுக்குகிறது. இது அதில் இல்லை. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று வேறு வாசல் வழியாக நுழைந்து 40 சதவீதம் காட்டினால்தான் இடஒதுக்கீடு. மது பாட்டிலிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை உண்டு, கர்ப்பிணிக்கென்று இல்லை. ஆஸ்திரேலியா 2018–2028க்கு ஒரு தேசியச் செயல்திட்டமே போட்டிருக்கிறது. கர்ப்ப கால எச்சரிக்கையை 2023 முதல் பாட்டிலில் கட்டாயமாக்கிவிட்டது.

இங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023–24இல் டாஸ்மாக் வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023இல் எக்கியார்குப்பம், 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரம்: கள்ளச்சாராயத்தில் பிணம் விழுந்ததும் தலைக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். மெதுவாக நடக்கும் சேதத்துக்கு ஒரு கணக்கும் கிடையாது.

கொள்கை வேண்டும் என்று கேட்கும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ‘குடிகார அம்மா’ என்ற முத்திரை யார் மேல் விழும்? சேரிப் பெண் மேல், இருளர் பெண் மேல். கிளப்பில் குடிக்கிற பெண்ணிடம் யாரும் படிவத்தோடு போகப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்தார்கள். ‘டாப்’ முறை என்று பெயர். தடை வந்த பிறகும் அது நீடித்தது. உலகிலேயே இந்தப் பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் அதுவும் ஒன்று. அங்கே தாயை மட்டும் குற்றவாளி ஆக்கினால் தோட்ட முதலாளி தப்பித்துவிடுவார். இங்கே அட்வான்ஸ் கடனில் கட்டுண்டு, நடுராத்திரி எழுந்து கல் அறுக்கிறவர் வலிக்குக் குடிக்கிறார். அந்த வலியை யார் கணக்கில் எழுதுவது?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பட்டியலில் சேருங்கள். மாவட்ட மருத்துவமனையிலேயே கண்டறியும் வசதி வேண்டும். தனியார் மருத்துவமனை உட்பட எல்லாக் கர்ப்பிணிகளிடமும் செவிலியர் இதைக் கேட்கட்டும், போலீஸ் மாதிரி அல்ல. தாயின் வாக்குமூலம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு உதவி கிடைக்க வேண்டும்.

சூளை முடிந்து ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பும். பையன் ஏழாம் வகுப்பு. போன வருஷமே பாதியில் நின்றவன்.