சோடா விற்ற பையனைக் கண்டெடுத்தவர்கள்

அஞ்சுநாட்டு ஊர்களிலிருந்தும் வட்டவடையிலிருந்தும் முதுவர் குடிகளிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோரே, இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே!

ஐ. எம். விஜயன் என்று சொன்னால் உங்களில் பலருக்குத் 'திமிரு' படத்தின் வில்லன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். 'கொம்பன்', 'பிகில்' படங்களிலும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அப்பாமார்களைக் கேளுங்கள், வேறு விஜயனைச் சொல்வார்கள். கொல்கத்தா ரசிகர்கள் கறுப்பு மான் என்று பெயர் வைத்துக் கொண்டாடிய விஜயன். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது விநாடியில் கோல் போட்ட விஜயன். 2003இல் அர்ஜுனா விருது, 2025இல் பத்மஸ்ரீ. இவ்வளவும் பெரிய விஷயம்தான். ஆனால் நான் இன்று பேச வந்தது அவர் போட்ட கோல்களைப் பற்றி அல்ல. அவர் மைதானத்துக்குள் எப்படி வந்தார், யார் யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதைப் பற்றி.

திருச்சூரில் 1969 ஏப்ரல் 25ஆம் தேதி பிறந்தார். அப்பா விபத்தில் இறந்துபோனார். வீட்டில் வறுமை. திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில் அந்தப் பையன் சோடா விற்றான். ஒரு பாட்டிலுக்குப் பத்து பைசா கிடைக்கும். டிக்கெட் வாங்க வழியில்லாத பையனுக்கு, சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே நின்று ஆட்டத்தையும் பார்க்கலாம். ஸ்டேடியத்துக்கு வெளியே வெறுங்காலோடு அவன் பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தது பல பேர் கண்ணில் பட்டிருக்கும். நல்லா ஆடுறான் என்று சொல்லிவிட்டு நடந்து போனவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அவனை விளையாட்டுக் கவுன்சிலின் பயிற்சி முகாமில் சேர்த்தார்கள். அங்கே டி. கே. சாத்துண்ணி என்ற பயிற்சியாளரிடம் அவன் முறையாக ஆட்டம் படித்தான். 17 வயதில் அந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்தவர் அன்று கேரளக் காவல்துறையின் தலைவராக இருந்த எம். கே. ஜோசப். காவல்துறை அணிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த 12 விநாடி கோலைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு பயிற்சியாளர், ஓர் அதிகாரி. இரண்டு பேருமே மாதச் சம்பளக்காரர்கள். தங்கள் மேசையைவிட்டு எழுந்து மைதானத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பையனை நின்று பார்த்தவர்கள். அந்தப் பையனுக்குச் சீருடை, சாப்பாடு, சம்பளம், பயிற்சி, கூட ஆட நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் காவல்துறை அணி என்ற ஒரே இடத்தில் கிடைத்தன. வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், ஷரஃபலி, குரிகேஷ் மாத்யூ என்று அந்த அணியில் இருந்தவர்களின் பெயரை இன்றைக்கும் கேரளத்தில் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1990இல் திருச்சூரில் பெடரேஷன் கோப்பையை வென்றார்கள். சோடா விற்ற அதே ஊரில்! அடுத்த வருஷம் கண்ணூரில் மறுபடியும் வென்றார்கள். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் ஆண்டுகொண்டிருந்த நாட்டில், சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்கள் இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

ஆட்டக்காரர்களைக் கண்டெடுப்பதையே ஓர் ஏற்பாடாக வைத்திருக்கும் நாடும் உண்டு. அமெரிக்காவில் கால்பந்து என்று சொல்வது வேறொரு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது, மோதிச் சாய்ப்பது. அங்கே தொழில்முறை ஆட்டத்துக்கான வாசல் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான். 1936ஆம் ஆண்டிலிருந்து வருஷா வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. எந்தக் கல்லூரியில் எந்தப் பையன் எப்படி ஓடுகிறான் என்று குறிப்பெடுப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இங்கே கண்டெடுப்பது தற்செயலாக நடக்கிறது. யாராவது பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை. சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி, மறையூர் ஏறி, நம் காந்தலூர் வரைக்கும் ஆட்டக்காரரைத் தேடி எந்த கிளப்பிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள்?

விஜயனின் தொழில் வாழ்க்கையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 1991இல் காவல்துறையிலிருந்து மோகன் பகானுக்குப் போனார். பிறகு பஞ்சாபில் ஜேசிடி, கொச்சியில் எஃப்சி கொச்சின், கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ். நாட்டின் நாலு மூலையிலும் ஆடினார். 1996-97இல் முதல் தேசியக் கால்பந்து லீக்கை ஜேசிடி வென்றபோது விஜயனும் பைசுங் பூட்டியாவும் ஒரே அணியில் இருந்தார்கள். எஃப்சி கொச்சின் 1997இல் பிறந்த கையோடு டியூராண்ட் கோப்பையை வென்றது. கேரளமே கொண்டாடியது. ஐந்தே வருஷத்தில் பணம் இல்லாமல் அந்த கிளப் கலைந்துபோனது. நெசவாலை முதலாளிகள் நடத்திய ஜேசிடியையும் 2011இல் மூடிவிட்டார்கள். கோப்பை வாங்கிய அணிகளின் கதியே இதுதான். ஆட்டக்காரனின் முழங்காலுக்கு எத்தனை வருஷ ஆயுள் என்று யாருக்குத் தெரியும்? முப்பத்தைந்து வயதில் ஒரு வங்கி ஊழியருக்குப் பதவி உயர்வு வரும். ஆட்டக்காரருக்கு அந்த வயதில் தொழிலே முடிந்துவிடும். விஜயன் 2006 வரை ஆடினார், அது அபூர்வம். ஆட்டம் முடிந்தபின் அதே காவல்துறை அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. 2025இல் மலப்புறத்தில் மலபார் சிறப்புக் காவல் படையின் துணைக் கமாண்டன்டாக ஓய்வு பெற்றார்.

அவரோடு ஒரே அணியில் ஆடிய வி. பி. சத்யனைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. கண்ணூர்க்காரர். தடுப்பாட்டக்காரர். இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர். உடுமலை தாண்டிப் போனால் வருகிற நம் கோயம்புத்தூரில்தான், 1992இல், அவர் தலைமையில் கேரளம் கோவாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்று சந்தோஷ் கோப்பையை எடுத்தது. பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் ஆடினார், பயிற்சியாளராகவும் இருந்தார். வேலை இருந்தது, பெயர் இருந்தது. ஆனால் கால் காயங்கள் விடவில்லை, மனமும் சோர்ந்துபோனது. 2006 ஜூலையில், 41 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையைக் 'கேப்டன்' என்று மலையாளத்தில் படமாகவும் எடுத்தார்கள். எனக்கு அந்தச் சாவின் வலி இன்னும் ஆறவில்லை. சம்பளம் மட்டும் போதாது பிள்ளைகளே. ஆட்டம் நின்றுபோன மனிதரிடம், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆள் வேண்டும். மனம் நோய்ப்பட்டால், கால் எலும்பு முறிந்தால் போவதுபோலத் தயங்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டும். உங்களில் யாருக்காவது மனம் அப்படிக் கனத்தால், உடனே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நண்பனோ அக்காவோ ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்த மலையில் பந்தாட்டம் புதிதல்ல. மூணாறு எஸ்டேட் தொழிலாளர்கள் டிவிஷன் டிவிஷனாக அணி சேர்த்து ஃபின்லே கேடயத்துக்கு மோதுவார்கள். கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்க்கும் ஆட்டம் அது. காந்தலூரில் கஷ்டம், சமதரை இல்லாததுதான். படிப்படியாக இறங்கும் பூண்டுக் காடும் உருளைக்கிழங்குக் காடும்தான் நம் நிலம். ஒரு பாத்தியில் உதைத்த பந்து நாலு பாத்தி கீழே போய் நிற்கும். பள்ளிக்கூட முற்றத்தைவிட்டால் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. அதற்குள் ஓடி ஓடித்தான் சில பிள்ளைகளின் கால் அப்படிச் சுழல்கிறது. சரிவில் பந்தை நிறுத்தப் பழகியவனுக்குச் சமதரை எம்மாத்திரம்?

இன்று பட்டம் வாங்குகிற உங்களில் பந்தாடிப் பிழைக்கப் போகிறவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். நீங்கள் ஆசிரியர் ஆவீர்கள், வில்லேஜ் ஆபீஸில் உட்காருவீர்கள், பஞ்சாயத்தில், கூட்டுறவு வங்கியில், வனத்துறையில், போலீஸில் சேர்வீர்கள். சிலர் திருப்பூருக்கும் கொச்சிக்கும் போவீர்கள். நான் உங்களை விஜயன் ஆகச் சொல்ல வரவில்லை. சாத்துண்ணி ஆகச் சொல்கிறேன், ஜோசப் ஆகச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கை பெரும்பாலும் எங்கே அறுந்துபோகிறது தெரியுமா? பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வயதுப் பிரிவுத் தேர்வில் நிறுத்திவிடுவார்கள். விளையாட்டு மதிப்பெண்ணுக்கான படிவத்தைப் பள்ளியில் நேரத்துக்கு அனுப்ப மறந்துவிடுவார்கள். அறிவிப்பு மலையாளத்தில் வரும், தமிழ் மட்டும் படித்த அம்மாவுக்கு அது புரியாது. தேர்வு மலைக்குக் கீழே நடக்கும், முந்தின நாளே கிளம்ப வேண்டும், பஸ் காசும் தங்க இடமும் இருக்காது. இந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாற்காலி இருக்கிறது. நாளைக்கு அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியில் சேர்ந்தவர். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கையே வென்றது. பாவாடையைச் செருகிக்கொண்டு முற்றத்தில் பந்து உதைக்கும் ஒரு சிறுமியை இனி உங்கள் தெருவில் பார்த்தால், போதும் உள்ளே வா என்று யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சிக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். இந்தச் சரிவில் ஒரு மைதானத்துக்கு இடம் கண்டுபிடிப்பது சுலபம் அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் வருகிற கிராம சபையில் அதை ஒரு தீர்மானமாக எழுதுங்கள். இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகள் அந்தச் சபைக்குப் போய் உட்கார்ந்து, அது எழுதப்பட்டதா என்று பார்க்கட்டும்.

இனி முதல்வர், பட்டம் வாங்குகிறவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கலாம்.