பிள்ளைகளின் ஆட்டமும் நம் குரலும்

மாலையில் நம் ஷட்டில் கோர்ட்டைச் சுற்றி நிற்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

ஒரு கேமுக்கு 21 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் "பின்னாடி போ", "ஓங்கி அடி" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தால், பிள்ளை ஷட்டிலைப் பார்க்குமா, உங்கள் முகத்தைப் பார்க்குமா? தோற்றுவிட்டால் லிஃப்டில் விசாரணை வேறு. பாவம், தப்பி ஓடவும் வழியில்லை! நன்றாக ஆடிய இரண்டு பிள்ளைகள் இப்போது கீழேயே வருவதில்லை.

விஸ்வநாதன் ஆனந்துக்கு 6 வயதில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. மணிலாவில் இருந்தபோது, பகலில் டிவியில் வரும் சதுரங்கப் புதிர்களை அவர் எழுதி வைப்பாராம். மகன் பள்ளியிலிருந்து வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விடை தேடுவார்களாம். சேர்ந்து என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த போட்டிக்குப் பெற்றோர் நாற்காலிகளைப் பார்க்கிங் பக்கம் தள்ளிப் போடச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கைதட்டினால் அங்கிருந்தும் கேட்கும்.