வீட்டு வரியின் எல்லை

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் கடந்தால், தமிழ்நாட்டின் கடைசி நிலையமாக வருவது ஆரம்பாக்கம். அடுத்த நிலையமாகிய தடா ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. முடிவில் இருக்கும் ஊருக்கு ஆரம்பாக்கம் என்று பெயர். வடக்கிலிருந்து வருவோர்க்கு அது பொருத்தமாகவே தோன்றும். கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியாகவே போகிறது.

இவ்விரண்டு பெரும்பாதைகளையும் பார்த்து நின்றபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவை ஊராட்சிக்கு என்ன தருகின்றன? அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவின்படி, பாராளுமன்றம் இசைந்தாலன்றி, மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ அதற்குட்பட்ட அமைப்போ வரி விதிக்கலாகாது. ஆகவே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் வீட்டுவரிக் கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஓட்டுவீட்டுக்காரர் மட்டும் தப்ப முடியாது.

ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் அளித்துள்ள முதன்மையான வரிகள் சிலவே: வீட்டுவரி, தொழில்வரி, விளம்பர வரி. ஆனால் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சாலை, சுடுகாடு யாவும் அதன் பொறுப்பு. மாணவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. நீங்கள் படிக்கும் கிளை நூலகத்தின் புத்தகத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரரின் காசு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் இப்பகுதியின் கணக்கே மாறிவிட்டது. ஆலை ஓர் ஊராட்சியில் இருக்கும். தொழிலாளர் உறங்குவது மற்றோர் ஊராட்சியில். தொழில்வரி வேலைசெய்யும் இடத்துக்குப் போகும்; குடிநீரும் குப்பையும் உறங்கும் இடத்தின் பாரமாகும். அத்தொழில்வரிக்கும் உச்சவரம்பு உண்டு. 1950இல் ஆண்டுக்கு 250 ரூபாய் என்றிருந்தது, 1988இல் அறுபதாவது திருத்தத்தால் 2,500 ரூபாயாயிற்று. சம்பளங்கள் அதன்பின் எவ்வளவோ ஏறிவிட்டன, வரம்பு அசையவில்லை.

அப்பகுதிக் கிராமசபைக் கூட்டமொன்றில் நான் ஓரமாக அமர்ந்திருந்தேன். வரியை உயர்த்தலாமா என்ற பேச்சு வந்தது. இளைஞர் ஒருவர் எழுந்து, இனி ஒரு பைசாவும் ஏற்றுவதில்லை என்று தீர்மானம் எழுதவேண்டும் என்றார். பலர் கைதட்டினர். பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி மெல்ல எழுந்தார். "தம்பி, தெருவில் பத்து வீடு இருந்தபோதும் ஒரு குழாய்தான், இப்போது அறை அறையாகத் தடுத்து நூறு பேர் குடியிருக்கும்போதும் அதே குழாய்தான். வாடகை வாங்குகிறவரும் நானும் ஒரே வரி கட்டலாமா? ஏற்றுங்கள், யாருக்கு, எவ்வளவு என்று எங்களைக் கேட்டு ஏற்றுங்கள்" என்றார். கைதட்டல் எழவில்லை. ஆனால் விவாதம் அதன் பிறகுதான் உண்மையில் தொடங்கியது.

"எங்களைக் கேட்டு" என்ற அச்சொல் மிகப் பழையது. 1680களில் சென்னையில் நகரச் சுவர் எழுப்பக் கம்பெனியார் வீட்டுவரி கேட்டபோது குடிகள் எதிர்த்து நின்றனர். நகரத்தாரே கூடி விதித்துக்கொண்டால் மனமுவந்து தருவார்கள் என்று கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு கருதினார். 1687 டிசம்பர் 30இல் சாசனம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29இல் மாநகராட்சி தொடங்கிற்று. வரி மட்டும் எளிதில் வசூலாகவில்லை. அதன் முதல் உறுப்பினர்களைக் கம்பெனியே நியமித்திருந்தது அன்றோ!

வரம்பு கட்டிவிட்டால் துன்பம் தீருமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் 1978இல் வாக்களித்து, சொத்துவரியை மதிப்பில் 1 சதவிகிதத்துக்குள் நிறுத்தினார்கள். கைமாறாத சொத்தின் மதிப்பு ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறக்கூடாதென்றும் விதித்தார்கள். வீட்டுக்காரர் மகிழ்ந்தனர். ஆனால் உள்ளூர்ப் பள்ளிகள் மாநிலத் தலைநகரின் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. அடுத்தடுத்த வீட்டினர், வாங்கிய ஆண்டு வேறாகையால், பெரிதும் வேறுபட்ட வரி செலுத்துகின்றனர்.

நம் சென்னையில் வரம்பு எழுதப்படவில்லை, தயக்கமே வரம்பாயிற்று. 1998க்குப் பின் நெடுங்காலம் மறுமதிப்பீடு நிலைக்கவில்லை. 2018இல் உயர்த்தியது 2019இல் நிறுத்தப்பட்டது. 2022இல் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 50 சதவிகிதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவிகிதமும் உயர்வு அறிவிக்கப்பட்டபோது நகரமே திடுக்கிட்டது. சிறுகச் சிறுக ஏறியிருந்தால் எவரும் திடுக்கிட்டிருக்கமாட்டார். பெரிய வீட்டுக்குப் பெரிய உயர்வு என்ற அந்த ஏற்பாட்டை மட்டும் நான் நியாயமென்றே கருதுகிறேன். மூதாட்டி கேட்டதும் அதுதான்.

ஆனால் அவர் யாரிடம் கேட்பது? திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற்றது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். அதற்கு முன்னும், 2016 முதல் 2019 வரை, இதே நிலை. வரிச்சீட்டு தவறாமல் வந்தது. 2023 முதல் கைப்பேசியிலேயே செலுத்தவும் முடிகிறது. தீர்மானத்தில் கையொப்பமிட வேண்டிய தலைவரின் நாற்காலிதான் காலியாயிருந்தது.

கூட்டம் கலைந்தபின் அம்மூதாட்டியிடம், எவ்வளவு வரை கட்டச் சம்மதம் என்று கேட்டேன். "முதலில் இரண்டாவது குழாயைக் காட்டச் சொல்லுங்கள் ஐயா, பிறகு தொகையைப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.