உயிரணுவுக்குள் ஒரு பதிவறை

(புதுக்கோட்டை மாவட்டத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தோம். வந்தவர் சிலரே. வராதவர்களைக் கேட்டபோது, "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, பரிசோதனை எதற்கு?" என்றனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே இன்று வந்துள்ளேன்.

நமது ஒன்றிய அலுவலகத்தில் பதிவறை ஒன்று உண்டு. ஆவணங்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். தேவையான கட்டை மட்டும் அவிழ்த்துப் படிப்போம். ஏனையவை கட்டியபடியே இருக்கும். நம் உடலின் உயிரணுக்களிலும் அத்தகைய பதிவறை உண்டு. அதன் பெயர் உட்கரு. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கே. ஆயினும், டி.என்.ஏ. என்னும் மரபு நூல் சுமார் 2 மீட்டர் நீளம் அதனுள் அடங்கியிருக்கிறது!

இஃது எங்ஙனம் இயலும்? ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் நூற்கண்டின் கட்டைபோல் அமைய, அவற்றின்மேல் அந்நூல் சுற்றப்பட்டுள்ளது. இவ்வமைப்பை 1974-ஆம் ஆண்டில் ரோஜர் கோர்ன்பெர்க் என்னும் அறிஞர் விளக்கினார். இறுகச் சுற்றிய பகுதி படிக்கப்படுவதில்லை. தளர்ந்த பகுதியே படிக்கப்படுகிறது. தோலுக்கும் ஈரலுக்கும் ஆவணங்கள் ஒன்றே; அவிழ்க்கும் கட்டுகளே வேறு.

கட்டுகள் குழம்பினால் நோய் தோன்றுகிறது. "பெருகாதே" என்று தடுக்கும் ஆவணம் இறுக மூடப்பட்டு, "பெருகு" என்னும் ஆவணம் ஓயாமல் திறந்து கிடந்தால், அது புற்றுநோய்க்கு வழியாகும். கருப்பை வாயில் பல்லாண்டுகள் தங்கிவிடும் எச்.பி.வி. என்னும் வைரஸ், உயிரணுவின் காவற் புரதங்களை முடக்கி இக்குழப்பத்தை விளைவிக்கிறது. உட்கரு பருத்து, நெருங்கித் திரள்கிறது. அப்போது வலி இராது. உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றே தோன்றும்.

ஆனால் செவிலியரின் கண்ணுக்கு அது தெரியும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை அவ்விடத்தில் தடவினால், பருத்த உட்கருக்கள் நெருங்கியுள்ள பகுதியில் புரதங்கள் உறைந்து வெண்மையாகத் தோன்றும். வெண்மை கண்டால் அது புற்றுநோயே என்று அஞ்ச வேண்டா. மேற்கொண்டு பரிசோதித்து, தொடக்கத்திலேயே நீக்கிவிடலாம்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் இதே பரிசோதனையைச் செய்தனர். அவ்வாறு செய்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததென 2007-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. பயன் பெற்றவர்கள் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களே.

1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவ்வம்மையார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அவர் பிறந்த மண்ணில், கூச்சத்தால் ஒரு தாய் உயிரிழக்கலாமா?

சகோதரிகளே, பரிசோதனை சில நிமிடங்களே. அடுத்த முறை தனி அறையும் பெண் செவிலியரும் இருக்க ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் வருவதோடு, அண்டை வீட்டாரையும் அழைத்து வருவது உங்கள் பொறுப்பு.