ஓதத் தெரியும், படிக்கத் தெரியுமா?

இந்த எபிசோடு நம்ம ஊர்ப்பக்கம், பெரம்பலூர், அரியலூர். சிமென்ட் ஆலை, கடல் வத்திப்போன புதைபடிவம்னு பேசப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. இங்கிருந்து தினமும் திருச்சிக்கு பஸ் ஏறிப்போய் காலேஜ்ல அரபு மொழி படிக்கிற பசங்களைப் பத்தி.

வெள்ளாத்துக்கு அந்தக் கரை திட்டக்குடி, இந்தக் கரை லப்பைக்குடிக்காடு. அந்த ஊரையும் வி.களத்தூரையும் தெரிஞ்சவங்களுக்கு வளைகுடா எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு தெரியும். வீட்டுக்கு ஒருத்தர் ரியாத்துலயோ துபாயிலயோ குவைத்துலயோ இருப்பாங்க. ரெண்டு மாவட்டமும் பாரதிதாசன் பல்கலைக்கழக எல்லைக்குள்ள வருது. 1951ல தொடங்கின திருச்சி ஜமால் முகமது கல்லூரியில அரபுக்குன்னு தனித் துறையே இருக்கு. பி.காம், பி.எஸ்சி படிக்கிறவங்க பகுதி ஒன்று மொழிப்பாடமா தமிழுக்குப் பதிலா அரபு எடுக்கலாம். அரபையே மேஜரா எடுத்துப் படிக்கிறவங்களும் இருக்காங்க.

என் ஸ்கூல் நண்பனோட தங்கச்சி அப்படி பி.ஏ. அரபு கடைசி வருஷம் படிக்கிறா. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. இன்னைக்கு நான் சொல்றதுல பாதி அவகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

"சின்ன வயசுலயே மதரசாவுல அரபு படிச்சிருப்பியே, காலேஜ்ல ஈஸியா இருந்திருக்குமே?"ன்னு கேட்டேன். சிரிச்சா. "அண்ணே, எனக்கு ஓதத் தெரியும். படிக்கத் தெரியாது"ன்னா.

இதைக் கொஞ்சம் விளக்கணும். அரபு எழுத்துல மெய்யும் நெட்டுயிரும்தான் வரிக்குள்ள வரும். அ, இ, உ மாதிரி குறில் ஓசையைக் காட்ட மேலயும் கீழயும் சின்னச் சின்னக் குறி போடுவாங்க. குர்ஆன் அச்சுல அந்தக் குறி எல்லாம் முழுசா இருக்கும். அதனால மதரசாவுல படிச்ச குழந்தை அர்த்தம் தெரியாமலே ஒரு உச்சரிப்பு பிசகாம ஓதிடும். ஆனா செய்தித்தாள்லயோ நாவல்லயோ அரசு ஆவணத்துலயோ அந்தக் குறிகள் அநேகமா இருக்காது. காஃப், தா, பா மூணு எழுத்தைப் பார்த்து, இது 'கதப'வா (எழுதினான்), 'குதிப'வா (எழுதப்பட்டது), 'குதுப்'பா (புத்தகங்கள்) எனக் கண்டுபிடிக்கணும். அதாவது வாக்கியம் புரிஞ்சாதான் வாசிக்கவே முடியும். நமக்கு நேர் எதிர். தமிழ்ல எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு அப்புறமா புரிஞ்சுக்கலாம்.

அதனால முதல் செமஸ்டர்ல ஒரு வேடிக்கை நடக்குமாம். பதினஞ்சு வருஷமா ஓதுறவங்க குறி இல்லாத பக்கத்தைப் பார்த்து முழிப்பாங்க. எழுத்தே தெரியாம வந்து சேர்ந்த ஒரு பையன் அவங்களுக்குச் சமமா உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தொண்டைதான் பிரச்சினை. நமக்கு 'க'ன்னு ஒரே எழுத்து. அங்க காஃப் வேற, அடித்தொண்டையில வர்ற காஃப் வேற. மாத்திச் சொன்னா இதயம் நாயாகிடும். (நம்ம ஊருக்கும் அங்க ஒரு சிக்கல் இருக்கு. அரபுல வல்லின 'ப' கிடையாது, மெலிஞ்ச 'ப'தான். பெரம்பலூரை அவங்க எப்படிச் சொல்வாங்கன்னு தமிழ்ல எழுதியும் காட்ட முடியாது, ரெண்டுக்கும் நமக்கு ஒரே எழுத்து!)

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இனிமேதான். அரபுச் சொல் பெரும்பாலும் மூணு மெய்யெழுத்து வேர்ல இருந்து வரும். வேரை ஒரு அச்சுல ஊத்தினா சொல். காஃப்-தா-பா வேரை ஒரு அச்சுல ஊத்தினா 'காதிப்', எழுதுறவர். இன்னொண்ணுல 'மக்தப்', அலுவலகம். இன்னொண்ணுல 'மக்தூப்', எழுதப்பட்டது. கோடு எழுதுற எனக்கு இது அப்படியே ஃபங்ஷன் மாதிரி தெரிஞ்சுது. அந்த அச்சுக்குப் பேர் வைக்க அரபு இலக்கணக்காரங்க 'செய்தல்'னு அர்த்தம் வர்ற ஃபா-ஐன்-லாம் வேரை டம்மியா போட்டுக்கிட்டாங்க. 'ஃபாஇல்', 'மஃப்ஊல்'னு. நாம 'ஃபூ', 'பார்'னு போடுற மாதிரின்னு சொன்னேன். அவ சொன்னது இன்னும் சரி: "நம்ம தேமா, புளிமா மாதிரிண்ணே." யாப்புல சீரோட அச்சைச் சொல்ல ஒரு மாமரத்தைப் பிடிச்சுக்கிட்டோம், அவங்க ஒரு வினைச்சொல்லைப் பிடிச்சுக்கிட்டாங்க.

வகுப்புல அட்டெண்டன்ஸ் எடுத்தா 'ஹாளிர்'னு சொல்லணுமாம். அதுதான் நம்ம கோர்ட்டு 'ஆஜர்'. அரபுல ளாத்னு ஒரு எழுத்து இருக்கு. 'ளாத் மொழி'ன்னே அரபுக்கு ஒரு பேர் உண்டு. பாரசீகம் வழியா வந்த சொல்லுல அந்த எழுத்து நமக்கு 'ஜ' ஆச்சு: ஆஜர், மாஜி, ஜப்தி. ஜில்லாவும் அதுதான், மூலச்சொல்லுக்கு விலா எலும்பு, பக்கம்னு அர்த்தம். நேரா அரபுல இருந்து கேட்டு எழுதினப்ப அதே எழுத்து 'ள' ஆச்சு. ரம்ஜான்னும் ரமளான்னும் ரெண்டு விதமா எழுதுறோமே, இதனாலதான். அரண்மனைக் கச்சேரி வழி ஒண்ணு, ஓதுற பள்ளி வழி ஒண்ணு. வசூல், பாக்கி, அசல், நகல், வக்கீல், ரத்து எல்லாம் அரபு வேர்தான். அதாவது தாலுகா ஆபீஸ் போன எல்லாரும் கொஞ்சம் அரபு பேசியிருக்கோம்.

இன்னொரு விஷயம் கேட்டு அசந்துட்டேன். உலகம் முழுக்க அரபு தெரியாதவங்க அரபு கத்துக்கப் பயன்படுத்துற பேர்போன பாடநூல் வரிசை ஒண்ணு இருக்கு, மதீனா புத்தகங்கள்னு சொல்லுவாங்க. அதை எழுதினவர் நம்ம வாணியம்பாடிக்காரர், டாக்டர் வி.அப்துர் ரஹீம். 1933ல பிறந்தவர், சென்னையில ஆங்கில இலக்கியம் படிச்சு, கெய்ரோ அல்-அஸ்ஹர்ல முனைவர் பட்டம் வாங்கி, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவர்களுக்கு அரபு சொல்லிக்கொடுத்தவர். 2023ல காலமானார். இலக்கணத்தை முதல்லயே கொட்டாம, கண்ணு முன்னால இருக்கிற பொருளைச் சுட்டிக்காட்டி ஆரம்பிச்சு, பாடத்துக்குப் பாடம் ஒரு விதியை நுழைக்கிற முறை அவரோடது. அந்நிய மொழியா ஒரு மொழியைப் படிச்சவருக்குத்தான் எங்க இடறும்னு தெரியும். எனக்கு அப்படித்தான் தோணுது.

சரி, இவ்வளவு படிச்சு என்ன? அவ அத்தா சவுதியில இருபது வருஷமா டிரைவர். முதல் வருஷம் லீவுக்கு வந்தவர்கிட்ட ஆசையா அரபுல பேசியிருக்கா. அவர் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கார். இவ பேசினது புத்தக அரபு. நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் 'ஐயா, பேருந்து எப்பொழுது புறப்படும்'னு கேட்ட மாதிரி. 1959ல ஃபெர்குசன்னு ஒரு மொழியியலாளர் எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழின்னு வாழ்ற சமூகங்களைப் பத்தி எழுதின கட்டுரையில முக்கிய உதாரணமே அரபுதான். இந்த எபிசோடையே ரெண்டுங்கெட்டான் தமிழ்ல பேசிட்டிருக்கிற நமக்கு அது புரியாதா என்ன? ஆனா வீட்டுல அவளுக்கு அது புரியாத காலமா இருந்திருக்கு. "பேசவே வராத அரபுக்கு எதுக்கு பஸ் சார்ஜ்"னு பெரியம்மா கேட்டிருக்காங்க. அத்தாவும் அடுத்த வருஷம் நிறுத்திடலாம்னு சொல்லியிருக்கார்.

அது மாறினது போன வருஷம். அதே தெருக்காரர் ஒருத்தர், எட்டு வருஷம் ரியாத்துல வேலை, கம்பெனி கணக்கு முடிச்சு அனுப்புறாங்க. ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். அவர் அரபு சரளமாப் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. சவுதி தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தம் ரெண்டு மொழியில இருந்தா அரபு வாசகம்தான் செல்லும்.

அதே சட்டத்துல பணி முடியுறப்ப கொடுக்கிற தொகைக்கு கணக்கு இருக்கு. முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாச ஊதியம், அதுக்கு மேல வருஷத்துக்கு ஒரு மாசம். எட்டு வருஷத்துக்கு ஐந்தரை மாசம். கேள்வி, எந்த ஊதியம்? அரபுல ரெண்டு சொல்: 'அஜ்ர் அஸாஸி', அடிப்படைச் சம்பளம். 'அஜ்ர் ஃபிஅலி', படிகளையும் சேர்த்து உண்மையில கைக்கு வர்றது. சட்டத்துல சும்மா 'அஜ்ர்'னா ரெண்டாவதுதான். 'ஃபிஅலி', அதே ஃபா-ஐன்-லாம். இலக்கண வகுப்புல முதல் வாரமே மனப்பாடம் பண்ணின டம்மி வேர், அந்த போட்டோவுல பணமா நின்னுச்சு. அவருக்கு அடிப்படை 1200 ரியால், படியோட 1800. கம்பெனி 6600 போட்டிருந்தது, அவ கணக்குல 9900 வந்தது.

அவ வாய்ஸ் நோட்ல ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லி அனுப்பினா. "இதைச் சொல்லி தொழிலாளர் அலுவலகத்துல கேளுங்க மாமா, நான் வக்கீல் இல்ல"ன்னும் சேர்த்திருக்கா. அவர் கேட்டார். பேச்சு இன்னும் நடக்குது, பணம் வரல. ஆனா அதுக்கப்புறம் அத்தா நிறுத்துற பேச்சை எடுக்கல, தன்னோட ஒப்பந்தத்தையும் அனுப்பி வைச்சார்.

இப்ப தெருவுல அவளுக்கு வாரம் ரெண்டு போட்டோவாவது வருது. யார்கிட்டயும் காசு வாங்குறதில்ல. வாங்கணும்னு நான் சொன்னேன், கேட்கல. வேலைன்னு பார்த்தா, ஓமன், ஏமன் நோயாளிங்க வர்ற சென்னை ஆஸ்பத்திரிகள்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுறாங்க. ஆனா அங்க வேணும்கிறது பேச்சு அரபு. அதுக்காக அத்தாகிட்ட தினமும் போன்ல பேசிப் பழகுறா. எங்க துறைப் பக்கமும் ஒரு வழி இருக்கு. ஒரு ஆப்போட அரபுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். எழுத்தெல்லாம் இடமிருந்து வலமா, ஒண்ணோட ஒண்ணு சேராம உதிரியா கிடக்குதுன்னு பத்து செகண்டுல சொன்னா. அரபுல எழுத்து வலமிருந்து இடம் ஓடும், எண் மட்டும் இடமிருந்து வலம். இதைக் கண்ணால பிடிக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

ஆஸ்பத்திரியா, டெஸ்டிங்கா, திருச்சியிலயே எம்.ஏ.வான்னு அவ இன்னும் முடிவு பண்ணல. செமஸ்டர் முடியட்டும்னு சொல்லியிருக்கா. இந்த மாதிரி வேலையில இருக்கிறவங்க யாராவது கேட்டுட்டிருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, அவகிட்ட சொல்றேன்.